எண்ணி அனுப்பி, எண்ணி எடுத்தவர்

கட்சிக் கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர் நாட்டுக்குத் தூதராகப் போனார் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காசா பணமா. அவருடைய மனைவியே மூன்று நாள் சிரித்தார். நான்காம் நாள்தான் பெட்டி எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

முப்பது வருடமாக அவருக்கு ஒரே பெயர்: நாற்காலிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர், கடவுச்சீட்டு எடுக்கும்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. கடைத்தெருவின் கோடியில் தகரக் கதவு போட்ட நீளக் கொட்டகை அவருடையது. உள்ளே கூரை முட்ட நாற்காலிகள். இரும்பு மடக்கு நாற்காலி எண்ணூறு, பிளாஸ்டிக் இரண்டாயிரத்து நானூறு, மேடைக்கு மட்டும் போகிற மெத்தை வைத்தது பதினாறு. அந்தப் பதினாறில் யார் யார் உட்கார்ந்து யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்று எழுதினால் அதுவே ஒரு சரித்திரப் புத்தகம். அவர் எழுதவில்லை. ஈரத்துணியால் துடைத்து மட்டும் வைத்தார்.

அவருடைய தொழிலில் இரண்டே சட்டம்.

முதல் சட்டம்: எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்கிறார்களோ அதில் பத்து குறைத்துப் போடு. பத்துப் பேர் நின்றால் கூட்டம் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். பத்து நாற்காலி காலியாகக் கிடந்தால் கட்சியே காலி என்று அர்த்தம். நிற்கிறவன் திட்டுவான், அது அவன் பாடு. ஆனால் மேடையில் இருப்பவர் மனசு குளிரும், அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிடுவார்.

இரண்டாம் சட்டம்: நாற்காலியை அனுப்புவது தொழிலே இல்லை, அதை எந்தக் கழுதையும் செய்யும். போனது அத்தனையும் திரும்பி வர வேண்டும். அதுதான் தொழில். வண்டி திரும்பியதும் அவரே வாசலில் நின்று ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணுவார். உள்ளே அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுப்பார்: "ஒண்ணும் உடையலையே?" "எல்லாம் முழுசா இருக்கு" என்று பதில் போன பிறகுதான் தட்டில் சாப்பாடு விழும். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தடவை ஒற்றை நாற்காலிக்காக ஒன்பது மைல் போய், ஒரு முடிதிருத்துபவரின் கடையில் ஆள் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க, பாதி முகச்சவரம் முடியும் வரை பொறுமையாகக் காத்திருந்து, எடுத்து வந்தார். மீதிப் பாதியை அந்த ஆள் நின்றுகொண்டு செய்துகொண்டாராம்.

இந்த இரண்டு சட்டத்தைத் தவிர அவருக்கு அரசியலும் தெரியாது, அயல்நாடும் தெரியாது. அப்புறம் எப்படித் தூதர்?

மழைதான் காரணம்.

கட்சி தோற்று, தலைவரிடம் காக்கை குருவிகூட அண்டாத காலம் அது. திடலில் கூட்டம். தலைவர் பேச ஆரம்பித்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மக்கள் ஓடினார்கள். மேடையில் இருந்த பெரிய தலைகள் அவர்களையும் முந்திக்கொண்டு ஓடின. தலைவர் விடாமல் பேசினார். திடல் முழுக்கக் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு மனிதர் மட்டும் கொட்டும் மழையில் அசையாமல் நின்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் நின்றதற்குக் காரணம், அத்தனை நாற்காலியும் அவருடையது, விட்டுவிட்டு எங்கே போவார் என்பது தலைவருக்குத் தெரியாது. கடைசி வரை யாரும் சொல்லவும் இல்லை.

ஆறு வருடம் கழித்துக் கட்சி ஜெயித்தது. தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மழையில நின்னவரே, உமக்கு என்ன வேணும்?"

நாற்காலிக்காரர் கையைப் பிசைந்தார். "புது மண்டபத்துக்கு நாற்காலி போடற வேலை..."

"அதை என் மச்சான் எடுத்துட்டானே." தலைவர் பக்கத்தில் நின்ற செயலாளரின் பட்டியலை எட்டிப் பார்த்தார். "தூதராப் போறீரா?"

பட்டியலில் ஒரே ஓர் ஊர்தான் மிச்சம். எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த ஊர். கடலோரம், வருடத்தில் ஒன்பது மாதம் குளிர். அங்கே போகச் சொன்னால் அனுபவசாலிகள் எல்லாருக்கும் ஒரே நாளில் மூட்டுவலி வந்து, மருத்துவச் சான்றிதழும் வந்துவிடும்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மனைவி கேட்டார்: "தூதர்னா என்ன வேலைங்க?"

"நம்ம நாட்டு ஆளுங்க அங்க இருந்தா பாத்துக்கணுமாம். அந்த ஊர் பெரிய மனுஷங்களோட உக்காந்து பேசணுமாம்."

"உக்கார்றதுதானே? முப்பது வருஷமா ஊரையே உக்கார வெச்சீங்க. இனியாவது நீங்க கொஞ்சம் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தாரா என்றால், அதுதான் இல்லை.

தூதரகம் துறைமுகச் சாலையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். நடக்கும்போது மரப்படி ஒவ்வொன்றும் ஒரு சுரத்தில் முனகும். வெந்நீர்க் குழாய் ராத்திரி பகல் பாராமல் இருமிக்கொண்டிருக்கும். அங்கே இவருக்கு அடுத்த பொறுப்பில் ஓர் அதிகாரி இருந்தார். நாலு பரீட்சை எழுதி, இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, இந்தத் தடவை தூதர் பதவி தனக்குத்தான் என்று புதுக் கோட்டு வரை தைத்து வைத்திருந்தவர். அக்குளில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். அதனால் தூதரின் மனைவி அவருக்கு வந்த அன்றே 'கோப்பு' என்று பெயர் வைத்துவிட்டார். கோப்பு "சார்" என்று கூப்பிடும்போது கசாயம் குடித்த முகம்தான் தெரியும்.

புதுத் தூதர் தன் அறைக்குள் போனார், தூதரின் நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"நாலு திருகும் லூசு. திருப்புளி இருக்கா?"

"நாளைக்கு ஆள் வருவார் சார்."

"நாற்காலிக்காரன் நானே வந்துட்டேன். இன்னொருத்தர் எதுக்கு?"

மதியத்துக்குள் கட்டடத்தில் இருந்த அத்தனை நாற்காலியும் ஆட்டம் நின்றது. கடைசி நாற்காலி ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் வெளியே தெரிந்தது: துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில், துருப்பிடித்துப் போன ஒரு சரக்குக் கப்பல்.

"அது என்ன, சீந்துவாரில்லாம நிக்குது?"

"பழைய விஷயம் சார். கோப்பு இருக்கு."

"கோப்பு இருக்கட்டும். ஆள் இருக்கா?"

கோப்பு கொஞ்சம் தயங்கினார். "இருக்காங்க. பதினோரு பேர். நம்ம நாட்டுக்காரங்க."

விஷயம் இதுதான். கப்பலின் முதலாளி நொடித்துப்போய், கப்பலையும் ஆட்களையும் அப்படியே விட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். பதினோரு பேராலும் பன்னிரண்டு மாதமாகக் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. துறைமுகத் தலைவர் "இறங்கலாம்" என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தொழிலாளர் இலாகாவின் தலைவி "இவர்கள் வேலை முடிந்தது" என்று ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாள் போட்டால்தான் போடுவேன் என்றார் இவர். அவர் போட்டால்தான் போடுவேன் என்றார் அந்த அம்மாள். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்க முந்தைய தூதர் மூன்று தடவை கூட்டம் போட்டார். மூன்று தடவையும் மேசையின் தலைப்பக்கம் யார் உட்காருவது என்பதிலேயே கூட்டம் முறிந்தது. அதற்கப்புறம் பேச்சு நின்று, கடிதம் மட்டும்தான். கோப்பு தலையணை கனத்துக்கு வளர்ந்துவிட்டது. தலைக்கு வைத்துப் படுக்கலாம், வேறு எதற்கும் ஆகாது.

மறுநாள் காலை தூதர் கப்பலுக்குப் போனார். கூடப் போனவர் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர், நம் நாட்டிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடம் ஆன பெண். தூதர் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

மேல்தளத்தில் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கப்பலின் சமையல்காரர், ஒடிசலான ஆள்.

"ஐயா நீங்க ஆறாவது ஆள். வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லிடுங்க, வெயில் முகத்துல அடிக்கும்."

தூதர் தளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கயிற்றுச் சுருள், காலி டிரம், கவிழ்த்த வாளி. அவர் தேடியது அகப்படவில்லை.

"நீங்கள்லாம் எதுல உக்காருவீங்க?"

சமையல்காரர் விழித்தார். ஐந்து பேர் இதற்கு முன்னால் வந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"இருந்தது ஐயா. போன குளிருக்கு உடைச்சு எரிச்சுட்டோம்."

உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் நாற்காலி வாடகைக்கு விடும் ஆள் ஒருவர் இருப்பார். தூதர் அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்தார். மூன்றாவது தெருவில், அச்சாக அதே தகரக் கதவு. அந்த மனிதரின் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவருக்குத் தெரியாது. இவர் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துக் காலை அழுத்திப் பார்த்தார். அவர் இன்னொன்றைக் கவிழ்த்து, 'அது வேண்டாம், இதை எடு' என்று கண்ணைக் காட்டினார். சம்பந்தி வீட்டுப் பேச்சுகூட அவ்வளவு சுலபமாக முடிந்ததில்லை.

சாயங்காலம் பதினோரு நாற்காலி கப்பலேறியது. கோப்பு பின்னாலேயே வந்தார்.

"சார், இது எந்தத் தலைப்புல வரும்? நாற்காலிக்குன்னு கோப்புல இடமே இல்ல."

"முதல்ல அவங்க உக்காரட்டும். அப்புறம் கோப்பு எங்க உக்காரணும்னு பாப்போம்."

அன்று சமையல்காரர் உட்கார்ந்து, முதுகு முழுக்கச் சாய்ந்துகொண்டார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். தவழும் குழந்தை. "நான் இங்க மாட்டின அடுத்த மாசம் பொறந்தது. இப்ப நடக்குதாம். யாரைப் பார்த்தாலும் அப்பான்னு சொல்லுதாம். தபால்காரரைக்கூட." எல்லாரும் சிரித்தார்கள். தூதரும் சிரித்தார். படி இறங்கும்போது தங்கச்சி திரும்பிப் பார்த்தார். தூதர் ஒரு விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே எண்ணுறீங்க?"

"நம்ம வீட்டுல இருந்து போனது பதினொண்ணு. திரும்பி வரணும்ல."

அதற்கப்புறம் வாரம் தவறாமல் துறைமுகத் தலைவரின் வாசலில் நின்றார். தொழிலாளர் இலாகாவின் வாசலிலும் நின்றார். இரண்டு இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், பதில் மட்டும் கொடுக்கவில்லை. மெத்தென்ற சோபா. அதில் உட்கார்ந்தால் கேட்க வந்ததே மறந்து தூக்கம் வரும். அந்த ஊர்க்காரர்கள் சூட்சுமமாகத்தான் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் மாதம், புதுத் தூதர் ஊர்ப் பெரியவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்றார் கோப்பு. அழைப்பு, கரண்டி, பூச்சாடி எல்லாம் கோப்பின் பொறுப்பு. "நாற்காலி மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றார் தூதர். "எத்தனை பேர்?"

"நாப்பது சார்."

இங்கேதான் விதி விளையாடியது. விதி என்ன விதி, முப்பது வருடப் பழக்கம். தூதர் வேறு ஏதோ நினைவில், கை போன போக்கில் நாற்காலிகளைப் போட்டார். முப்பது போட்டதும் கை தானாக நின்றுவிட்டது. கோப்பு அந்த நேரம் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் எண்ணவில்லை.

நாற்பது பேரும் வந்தார்கள். பத்துப் பேர் வராமல் போயிருந்தால் பரவாயில்லை. இலவச விருந்துக்கு எந்த ஊரிலும் ஆள் குறையாது. பத்துப் பேர் நின்றார்கள், அதில் மூன்று பேர் பெரிய நாடுகளின் தூதர்கள். ஒருவர் சூப்புக் கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துக் குனிந்து குடித்தார். கோப்பின் முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆனது.

"சார்... பத்து குறையுது."

"ஆமா. பத்து குறைச்சுத்தானே போடணும்?" என்ற தூதர், சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகையில் நாற்காலி இல்லாத தூதர் என்று கேலிப்படம் வந்தது. கோப்பு நம் தலைநகருக்கு ஏழு பக்கம் அறிக்கை எழுதினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அது அவர் வேலை, அவர் நாலு பரீட்சை எழுதினதே அதற்குத்தான்.

ஆனால் அன்று விருந்தில் நின்ற பத்துப் பேரில் இரண்டு பேர் யார் தெரியுமா? துறைமுகத் தலைவர், ஆறடி உயரம், மீசை மட்டும் அரையடி. தொழிலாளர் இலாகாத் தலைவி, மழையோ வெயிலோ குடையைக் கையை விட்டு இறக்காதவர். உட்கார இடமில்லாமல் இரண்டு பேரும் ஒரே ஜன்னலோரம் ஒதுங்க வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கப்பல். தங்கச்சி தட்டோடு பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்ததை அப்படியே தூதரிடம் வந்து சொன்னார்.

"அந்தம்மா கேட்டாங்கண்ணே, 'இன்னுமா அது அங்க நிக்குது?'ன்னு. மீசைக்காரர், 'உங்க கையெழுத்துக்காகத்தான்'னாரு. 'உங்களோடதுக்கு இல்லையாக்கும்?'னு அந்தம்மா. ரெண்டு பேரும் லேசா சிரிச்சாங்க. நான் சத்தியமா பாத்தேன், சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நம்ம கோப்பு ஓடி வந்து எங்கிருந்தோ ரெண்டு நாற்காலி கொண்டாந்து போட்டுட்டாரு. ஆளுக்கொரு மூலையில உக்காந்தாங்க. பேச்சு நின்னுபோச்சு."

தூதர் திருப்புளியைக் கையில் உருட்டினார். முப்பது வருடம் மனிதர்களை உட்கார வைத்தவருக்கு அன்றுதான் புரிந்தது. உட்கார்ந்தவன் ஒத்திப்போடுவான். நிற்கிறவனுக்குத்தான் கால் வலிக்கும், நிற்கிறவன்தான் சீக்கிரம் முடிப்பான்.

புரிந்து என்ன, கடிதம் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் திரும்பவும். மரியாதையான நான்கு வரி. படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"போகட்டும் விடுங்க. குளிருக்கு என் காதே மரத்துப்போச்சு."

"போறது பெரிசில்ல. பதினொண்ணை இங்க விட்டுட்டு வெறுங்கையோட எப்படிப் போறது?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் செய்யவில்லை. "எத்தனை நாள் இருக்கு?"

"பன்னண்டு."

"நாளைக்கு ஒருத்தர்னு வெச்சாலும் ஒரு நாள் மிச்சம் இருக்கே. நான் முன்னால சாமானோட போறேன். நீங்க எண்ணி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் தூதர் கோப்பைக் கூப்பிட்டார். "நான் போறதுக்கு முன்னால ரெண்டு பேர்கிட்ட சொல்லிக்கணும். துறைமுகத் தலைவர், தொழிலாளர் இலாகாத் தலைவி. ஒரு வழியனுப்பு. கப்பல் மேல வெச்சுக்கலாம்."

"கப்பல்லயா! சார், நெறிமுறைப்படி..."

"வழியனுப்பு எங்க நடத்தணும்னு நெறிமுறையில இருக்கா?"

கோப்பு ஒரு மணி நேரம் தடிப்புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. இல்லை என்று சொல்ல வந்தவர் கதவருகிலேயே நின்றார். இடுக்கியிருந்த கோப்பை முதல் தடவையாக அக்குளிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அந்த ரெண்டு கடிதமும் டைப் பண்ணணும்ல சார். கையெழுத்துக்கு."

"பண்ண முடியுமா?"

"பண்ணியாச்சு சார். பதினாலு மாசமா என் டிராயர்லதான் இருக்கு. ஒவ்வொரு மாசமும் தேதியை மட்டும் மாத்தி மாத்தி டைப் பண்ணுவேன்." கோப்பு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கும் அந்தக் கப்பல் தெரியுது சார். என் மேசையும் ஜன்னலோரம்தான்."

தூதர் அன்றுமுதல் அவரைக் கோப்பு என்று மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த "சார்" என்பதிலும் கசாயம் போய்விட்டது.

வழியனுப்புக்கு வரமாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்? கேலிப்படம் போட்ட ஊருக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. எட்டாம் நாள் காலை இரண்டு பேரும் ஆளுக்கொரு படியாக ஏறி மேலே வந்தார்கள். காற்று அப்படி வீசியது, காது கழன்று கையில் வந்துவிடும் போல.

தளத்தின் நடுவில் பதினோரு நாற்காலி. பதினொன்றிலும் பதினோரு பேர், துவைத்த சட்டை, மேலே போர்வை. எதிரே கவிழ்த்த டிரம் ஒன்று. வேறு நாற்காலி ஒன்றுகூட இல்லை. தூதர், தம்பி, தங்கச்சி எல்லாரும் நின்றார்கள்.

மீசைக்காரர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பெரிய மனிதர்கள் நிற்பதைப் பார்த்துச் சமையல்காரருக்குப் பொறுக்கவில்லை. பாதி எழுந்துவிட்டார். தூதர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிச்சீங்க, எல்லாம் கெட்டுது."

பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிக்கணும். எத்தனை போட்டாலும் எனக்கு நாற்காலி குறையும். இந்த ஊருக்கே தெரியும்."

தங்கச்சி மொழிபெயர்த்தார். குடை அம்மாள் சிரித்துவிட்டார். மீசையும் லேசாக அசைந்தது.

தூதர் பேச்சு எதுவும் தயாரிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். வரிசையின் ஓரத்துக்குப் போய், முதல் ஆளின் தோளைத் தொட்டார்.

"ஒண்ணு. இவர் சமையல்காரர். மக பொறந்து பதிமூணு மாசம் ஆவுது. தபால்காரரை அப்பான்னு கூப்பிடுது."

அடுத்த தோள். "ரெண்டு. இயந்திரம் பாக்கறவர். இவங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சுது. கட்டு அவிழ்த்ததும் முதல்ல உன்னைத்தான் பாப்பேன்னு, நாலு மாசமா கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட மாட்டேங்கறாங்க."

"மூணு. கல்யாணம் நிச்சயமான ஆள். பொண்ணு வீட்டுல இன்னும் காத்திருக்காங்க. பொண்ணு அதைவிடக் கெட்டியா காத்திருக்கு."

நான்கு. ஐந்து. ஆறு. ஒவ்வொன்றையும் தங்கச்சி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார், குரல் மட்டும் போகப் போகச் சன்னமானது. ஏழாம் தோளில் கை விழுந்தபோது மீசைக்காரர் கையுறையைக் கழற்றினார்.

"போதும்னு சொல்றார் அண்ணே. காகிதம் எங்கன்னு கேக்கறார்."

தம்பி கோப்பைத் திறந்தார். இரண்டு காகிதமும் டிரம்மின் மேல் இறங்கின. காற்றில் பறக்காமல் இரண்டு பக்கமும் திருப்புளியையும் தேநீர்க் கோப்பையையும் வைத்தார். இரண்டு பேனா. மீசைக்காரர் பேனாவை எடுத்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாளும் எடுத்தார், இவரைப் பார்த்தார்.

"அவங்க முதல்ல போடட்டுமாம்" என்றார் தங்கச்சி. அடுத்த நொடி, "இவர் முதல்ல போடட்டுமாம்."

பதினான்கு மாதம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

மேடைப் பலகை என்று ஒன்று உண்டு. ஒரு ஆளால் தூக்க முடியாது. இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஒருவன் முந்தினால் மற்றவன் கால்விரல் காலி. அதனால் நடுவில் ஒருவர் நின்று குரல் கொடுப்பார். முப்பது வருடம் அந்தக் குரலைக் கொடுத்தவர் இங்கே சும்மா நிற்பாரா? கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், காலை அகட்டி நின்றார், துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"பிடி!"

தங்கச்சி திடுக்கிட்டு, அதே சத்தத்தில் மொழிபெயர்த்தார். இரண்டு பெரியவர்களும் பேனாவைக் கெட்டியாகப் பிடித்தார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"குனி!"

குனிந்தார்கள்.

"சேந்து..."

"அடுத்தது 'தூக்கு' தானே அண்ணே? அப்படியே சொல்லிடவா?"

"சொல்லு தங்கச்சி! தூக்கு!"

இரண்டு பேனாவும் ஒரே நேரத்தில் ஓடின. யார் முந்தினார் என்று கடவுளே வந்து கேட்டாலும் யாரும் சாட்சி சொல்ல முடியாது. தம்பி இரண்டு காகிதத்தையும் உருவி, ஈர மை கலையாமல் ஊதினார்.

கடற்பறவை ஒன்று கத்தியது. அப்போது வரிசையிலிருந்து சமையல்காரரின் குரல் மெல்லக் கேட்டது.

"ஐயா... இப்ப எழுந்திரிக்கலாமா?"

"எழுந்திரிங்க" என்றார் தூதர்.

பதினோரு பேரும் ஒரே மூச்சில் எழுந்ததில் பதினோரு நாற்காலியும் தடதடவென்று பின்னால் சாய்ந்தன. ஒருவர் மீசைக்காரரைக் கட்டிக்கொண்டார். இன்னொருவர் குடையைப் பிடுங்கித் தலைக்கு மேல் சுழற்றினார். அந்த அம்மாள் தடுக்கவில்லை. குடை இல்லாமல் அவரை அந்த ஊர் பார்த்தது அதுவே முதல் தடவை. தூதர் மட்டும் குனிந்து, விழுந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தெருக்காரருக்குச் சாயங்காலம் திருப்ப வேண்டுமே.

பத்திரிகை மறுபடி படம் போட்டது. இந்தத் தடவை கேலி இல்லை. நம் நாட்டுப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன.

பன்னிரண்டாம் நாள் அவர்களோடு அதே விமானத்தில் கிளம்பினார். கடிதப்படி அவர் வேலை அன்றோடு முடிந்தது. ஆனால் நம் விமான நிலையத்தில் இறங்கினால், மாலையோடு தலைவரே நிற்கிறார்.

"இவரை யாரய்யா திரும்பக் கூப்பிட்டது?" என்று தலைவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற அதிகாரிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள். அதே இடத்திலேயே உத்தரவு ரத்தானது. பிறகு அந்தக் குளிர் ஊரில் நாலு வருடம், இன்னொரு நாட்டில் மூன்று வருடம் தூதராக இருந்தார். சிக்கல் எது வந்தாலும் நாற்காலியை எடுத்துவிடுவார். தம்பி பிற்பாடு தானே தூதரானபோது, புதுக் கோட்டின் உள்பையில் ஒரு திருப்புளி இருந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு, மாலையும் கூச்சலும் அடங்கும் முன்னே, தூதர் வெளிக்கதவின் ஓரம் போய் நின்றுகொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி வெளியே போனார்கள். ஒவ்வொரு முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். சமையல்காரர் கடைசியில் வந்தார். கதவுக்கு அப்பால் ஒரு பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை, அவரை ஏற இறங்கப் பார்த்தது. தபால்காரர் இல்லை என்று யோசித்திருக்கும். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று "அப்பா" என்றது.

கூட்டத்துக்குப் பின்னால், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூதரின் மனைவி நின்றிருந்தார். அத்தனை இரைச்சலையும் தாண்டி அவர் குரல் வந்தது.

"ஒண்ணும் உடையலையே?"

தூதர் கடைசி முதுகிலிருந்து கையை எடுத்தார்.

"பதினொண்ணும் முழுசா இருக்கு."

"அப்போ வாங்க. சாப்பாடு ஆறுது."